சேவ் செய்ததும் சர்வர் தானே ரீஸ்டார்ட் ஆக: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நோட் ஜேஎஸ்ஸில் சின்னதாக ஒரு சர்வர் எழுதி ஓட விட்டிருக்கிறீர்கள். பிரவுசரில் "வணக்கம்" என்று வருகிறது. கோடில் அதை "வாங்க, வணக்கம்" என்று மாற்றி, சேவ் செய்து, பிரவுசரை ரீஃப்ரெஷ் செய்தால் பழைய "வணக்கம்"தான் நிற்கிறது. சேவ் ஆகவில்லையோ என்று மறுபடி சேவ் செய்வீர்கள். பிரவுசர் கேஷாக இருக்குமோ என்று அதையும் அழித்துப் பார்ப்பீர்கள். இரண்டும் காரணமில்லை. நீங்கள் ஃபைலை மாற்றியதே ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குத் தெரியாது.

நோட், சர்வரைத் தொடங்கும் நேரத்தில் ஃபைல்களைப் படித்து மெமரியில் ஏற்றிக்கொள்கிறது. ரிக்வயர் அல்லது இம்போர்ட் செய்த மாட்யூல்களையும் ஒருமுறை படித்ததோடு சரி. அடுத்த முறை கேட்டால் மெமரியில் இருப்பதையே எடுத்துக் கொடுக்கும். அதன் பிறகு டிஸ்க்கில் உள்ள ஃபைலுக்கும் ஓடுகிற ப்ராசஸுக்கும் (ஓட்டத்தில் இருக்கும் புரோகிராமுக்கும்) ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பிஎச்பியிலிருந்து வருபவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அங்கே ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஸ்கிரிப்ட் புதிதாக ஓடுவதால் சேவ் செய்தாலே போதும். நோட், பைத்தான், கோ மாதிரி இடங்களில் சர்வர் என்பது தொடர்ந்து ஓடும் ஒரு ப்ராசஸ். அதை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் புது கோட் உள்ளே போகும்.

கையால் செய்வதென்றால் டெர்மினலுக்குப் போய் கன்ட்ரோல் சி, மேல் அம்புக்குறி, என்டர். மூன்றே தட்டல். அந்த மூன்று தட்டல் மிச்சமாவது பெரிய லாபமில்லை. ரீஸ்டார்ட் செய்ய மறந்துவிட்டு, ஓடவே ஓடாத புது கோடில் உட்கார்ந்து பிழை தேடுவோமே, அந்த நேரம்தான் உண்மையில் வீணாகிறது. அதனால் புது ப்ராஜெக்ட் தொடங்கும் முதல் நாளே இதைத் தானியங்கியாக்கிவிடுவது நல்லது.

ஒரு சிறு குறிப்பு: கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பாகத் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பின்னால் நடப்பது என்ன

கருவி எதுவானாலும் வேலை ஒன்றுதான். உங்கள் சர்வரை அது நேராக ஓட்டாமல், தனக்குக் கீழே ஒரு குழந்தை ப்ராசஸாக ஓட்டும். இந்த ஃபைல்களில் ஏதாவது மாறினால் சொல்லு என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டு வைத்திருக்கும். லினக்ஸில் இதற்கு ஐநோட்டிஃபை என்ற வசதி உண்டு, 2005-இல் வந்த 2.6.13 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி). மேக்கில் எஃப்எஸ்ஈவென்ட்ஸ். விண்டோஸிலும் இதற்கென்று தனி வசதி இருக்கிறது. மாற்றம் வந்தது என்று தகவல் கிடைத்ததும், ஓடும் ப்ராசஸுக்கு "நிறுத்திக்கொள்" என்று சிக்னல் அனுப்பும். அது நின்றதும் புதிதாக ஒன்றைத் தொடங்கும்.

ஆக, கவனிப்பது, நிறுத்துவது, தொடங்குவது என்று மூன்று வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது கோளாறு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இந்த மூன்றில் எது சறுக்கியது என்பதுதான். மாற்றத்தைக் கவனிக்கவே இல்லையா, பழையது சாகவில்லையா, புதியது எழவில்லையா? இது தெரியாமல் இணையத்தில் தேடினால் சம்பந்தமில்லாத பத்துத் தீர்வுகள் கிடைக்கும்.

முதலில் நோடிலேயே இருப்பதைப் பயன்படுத்துங்கள்

டெர்மினலைத் திறந்து வெர்ஷனைப் பாருங்கள்:

நோட் --வெர்ஷன்

18.11 அல்லது அதற்கு மேல் என்றால் வெளியிலிருந்து எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. வாட்ச் வசதி நோடிலேயே இருக்கிறது. 2022 அக்டோபரில் சோதனை வசதியாக வந்தது. 22-ஆம் வெர்ஷனில் நிலையானது என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கும் பழைய வெர்ஷன் வைத்திருந்தால், இந்தக் காரணத்துக்காக இல்லாவிட்டாலும் புதியதற்கு மாறிவிடுங்கள்.

சர்வர் கோட் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் இப்படி ஓட்டுங்கள்:

நோட் --வாட்ச் சர்வர்.ஜேஎஸ்

வாட்சுக்கு முன்னால் இரட்டை ஹைஃபன், இடையில் இடைவெளி இல்லாமல். ஃபைல் பெயருக்கு முன்னால்தான் அது வர வேண்டும். "நோட் சர்வர்.ஜேஎஸ் --வாட்ச்" என்று பின்னால் போட்டால் எரர் எதுவும் வராது, ஆனால் நோட் அதைத் தனக்கான சொல்லாக எடுத்துக்கொள்ளாமல் உங்கள் புரோகிராமுக்குத் தள்ளிவிடும். சர்வர் வழக்கம்போல ஓடும், ரீஸ்டார்ட் மட்டும் ஆகாது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இப்போது கோடில் ஒரு வரியை மாற்றி சேவ் செய்யுங்கள். டெர்மினல் திரை ஒருமுறை சுத்தமாகி, "ரீஸ்டார்ட்டிங் 'சர்வர்.ஜேஎஸ்'" என்று ஒரு வரி வரும். பிரவுசரை ரீஃப்ரெஷ் செய்தால் புது வாசகம் வரும். ஒவ்வொரு முறையும் திரை அழிவது பிடிக்கவில்லை, முன்பு வந்த லாக் எல்லாம் தெரிய வேண்டும் என்றால் --வாட்ச்-ப்ரிசர்வ்-அவுட்புட் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பிழை தேடும் நாட்களில் இது பெரிய உதவி.

கோடில் ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டு சேவ் செய்தால்? சர்வர் எழாது, எரர் காட்டும், "ஃபெயில்டு ரன்னிங்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். பதறிப்போய் கன்ட்ரோல் சி அடிக்க வேண்டாம். பிழையைத் திருத்தி சேவ் செய்தால் அதுவாகவே மறுபடி எழும்.

இந்த வாட்ச் எதைக் கவனிக்கிறது என்பதை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த தொடக்க ஃபைல், அது இம்போர்ட் செய்யும் ஃபைல்கள், அவை இம்போர்ட் செய்பவை, அவ்வளவுதான். ஃபோல்டரில் சும்மா கிடக்கும் மற்ற ஃபைல்களை அது சட்டை செய்யாது. இது குறையாகத் தோன்றலாம். என் கணக்கில் இதுதான் இதன் பலம். தேவையில்லாமல் ரீஸ்டார்ட் ஆவது மிகக் குறைவு. ஆனால் ரீட்ஃபைல் போட்டுப் படிக்கும் ஒரு செட்டிங்ஸ் ஃபைலை மாற்றினால் இதற்குத் தெரியாது. அந்த மாதிரி ஃபைல்கள் உங்கள் ப்ராஜெக்டில் நிறைய இருந்தால்தான் வேறு கருவி தேவைப்படும்.

எச்டிஎம்எல் டெம்ப்ளேட் மாறினாலும் ரீஸ்டார்ட் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலும் வேண்டாம். நோடில் சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ்ஸில் டெம்ப்ளேட்டைக் கேஷ் செய்வது ப்ரொடக்‌ஷன் முறையில்தான். உங்கள் கணினியில் டெவலப்மென்ட் முறையில் ஓடும்போது ஒவ்வொரு முறையும் டிஸ்க்கிலிருந்தே படிக்கும். பிரவுசரை ரீஃப்ரெஷ் செய்தால் போதும்.

கட்டளையை ஒரு பெயருக்குள் வையுங்கள்

நீளமான கட்டளையைத் தினமும் அடிக்க வேண்டியதில்லை. பேக்கேஜ்.ஜேசன் ஃபைலைத் திறந்து ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் இரண்டு வரி போடுங்கள்:

"ஸ்டார்ட்": "நோட் சர்வர்.ஜேஎஸ்",
"டெவ்": "நோட் --வாட்ச் சர்வர்.ஜேஎஸ்"

முதல் வரி முடிவில் காற்புள்ளி உண்டு, கடைசி வரிக்குக் கிடையாது. ஜேசன் இதில் கறார். இனிமேல் "என்பிஎம் ரன் டெவ்" என்று அடித்தால் போதும் (என்பிஎம் என்பது நோடோடு வரும் பேக்கேஜ் கருவி). ப்ராஜெக்டுக்குப் புதிதாக வரும் நண்பரும் எந்தக் கருவி என்று கேட்காமல் அதையே அடிப்பார். நாளைக்கு நீங்கள் கருவியை மாற்றினாலும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஸ்டார்ட், டெவ் இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

நோட்மான் எப்போது வேண்டும்

நோட்மான், ரெமி ஷார்ப் என்பவர் 2010-இல் தொடங்கிய கருவி. நோடில் வாட்ச் வராத காலத்தில் பெரும்பாலானவர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள். பழைய பாடங்கள், வீடியோக்கள் எதைப் பார்த்தாலும் இதுதான் வரும். இன்றைக்கும் இதற்கு வேலை இருக்கிறது: எந்த ஃபோல்டரைக் கவனி, எதை விட்டுவிடு, எந்த வகை ஃபைல், எவ்வளவு நேரம் பொறு என்று விரலால் சுட்டிச் சொல்ல முடியும்.

இன்ஸ்டால் செய்வது:

என்பிஎம் இன்ஸ்டால் --சேவ்-டெவ் நோட்மான்

குளோபலாக, அதாவது கணினி முழுமைக்கும் பொதுவாக, போடச் சொல்லும் பாடங்கள் நிறைய உண்டு. நான் அப்படிப் போட மாட்டேன். ப்ராஜெக்டுக்குள் போட்டால் பேக்கேஜ்.ஜேசனில் பதிவாகிவிடும், வேறொருவர் "என்பிஎம் இன்ஸ்டால்" செய்தாலே அவருக்கும் வந்துவிடும். குளோபலாகப் போட்டால் உங்கள் கணினியில் ஓடும், அவர் கணினியில் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வரும். ப்ராஜெக்டுக்குள் போட்டால், லினக்ஸில் குளோபல் இன்ஸ்டாலுக்கு சுடோ (நிர்வாகி அனுமதி) கேட்டு நிற்கும் தொல்லையும் இல்லை.

பிறகு டெவ் வரியில் "நோட்மான் சர்வர்.ஜேஎஸ்" என்று மாற்றினால் சரி. எதுவும் சொல்லாவிட்டால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரையும் அதற்குள் இருப்பதையும் முழுக்கக் கவனிக்கும். ஜேஎஸ், எம்ஜேஎஸ், சிஜேஎஸ், ஜேசன் ஃபைல்கள் மாறினால் ரீஸ்டார்ட் செய்யும். நோட்_மாட்யூல்ஸ், கிட் ஃபோல்டர்களைத் தானாகவே விட்டுவிடும். கோடை மாற்றாமலே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமென்றால் அது ஓடும் டெர்மினலிலேயே ஆர், எஸ் என்ற இரண்டு எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். டேட்டாபேஸைக் கையால் மாற்றிவிட்டு சர்வரைப் புதிதாக எழுப்ப இது வசதி.

இது சொல்லும் இரண்டு செய்திகளைப் பிரித்தறியப் பழகுங்கள். "ஆப் கிராஷ்டு" என்று சிவப்பில் வந்தால் உங்கள் கோடில் எரர். அதற்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். "க்ளீன் எக்ஸிட்" என்று பச்சையில் வந்தால் எரர் இல்லை, ஆனால் புரோகிராம் வேலையை முடித்துக்கொண்டு தானாகப் போய்விட்டது. சர்வர் அப்படிப் போகக் கூடாது. அனேகமாக லிஸன் என்ற வரியைப் போட மறந்திருப்பீர்கள், இல்லையென்றால் வேறு ஃபைலை ஓட்டுகிறீர்கள்.

விருப்பங்களை எல்லாம் கட்டளையில் அடுக்காமல், ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் நோட்மான்.ஜேசன் என்ற ஃபைலில் வைக்கலாம்:

{
  "வாட்ச்": ["எஸ்ஆர்சி"],
  "எக்ஸ்ட்": "ஜேஎஸ்,ஜேசன்",
  "இக்னோர்": ["எஸ்ஆர்சி/டேட்டா/*"],
  "டிலே": 500
}

எஸ்ஆர்சி என்பது உங்கள் கோட் இருக்கும் ஃபோல்டர். டிலே என்பது மாற்றம் தெரிந்த பிறகு பொறுத்திருக்கும் நேரம். ஒரே நேரத்தில் பல ஃபைல்கள் மாறினால், உதாரணமாக கிட்டில் வேறு பிராஞ்சுக்குத் தாவினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீஸ்டார்ட் ஆகாமல் எல்லாம் அடங்கிய பிறகு ஒன்றாக ஆகும். இதில் ஒரு வம்பு உண்டு. இந்த ஃபைலில் எழுதும் எண் மில்லி செகண்ட். கட்டளையில் --டிலே என்று கொடுத்தால் அது செகண்ட். ஃபைலில் இருந்த 500-ஐ அப்படியே கட்டளைக்குக் கொண்டுபோனால் ரீஸ்டார்ட்டுக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

நிற்காமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தால்

இந்தக் காட்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாரும் ஒருநாள் இதில் மாட்டுவார்கள். நோட்மானைத் தொடங்குகிறீர்கள். "சர்வர் 3000-இல் ஓடுகிறது" என்று உங்கள் செய்தி வருகிறது. நீங்கள் கீபோர்டைத் தொடவே இல்லை, ஆனால் "ரீஸ்டார்ட்டிங் டியூ டு சேஞ்சஸ்" என்று வருகிறது. மறுபடி உங்கள் செய்தி. மறுபடி ரீஸ்டார்ட். டெர்மினல் அருவி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது, பிரவுசரில் பாதி நேரம் பக்கம் வருகிறது, பாதி நேரம் வருவதில்லை.

காரணம் உங்கள் சர்வரே ஒரு ஃபைலை எழுதுவது. தொடங்கியவுடன் "கடைசியாக ஓடிய நேரம்" என்று ஒரு ஜேசன் ஃபைலில் எழுதுகிறது என்று வையுங்கள். ஜேசன் கவனிப்புப் பட்டியலில் உண்டு. ஃபைல் மாறிவிட்டது என்று நோட்மான் ரீஸ்டார்ட் செய்யும். ரீஸ்டார்ட் ஆனதும் சர்வர் மறுபடி எழுதும். இப்படியே போகும். இதற்கு இன்னொரு வடிவம், தொடங்கும்போது எழுதாமல் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் எழுதுவது. பயனர் ஒரு ஃபாரத்தை அனுப்பினால், தகவல் ஜேசன் ஃபைலில் சேர்ந்த மறுகணமே சர்வர் ரீஸ்டார்ட் ஆகி, அனுப்பியவருக்குப் பதில் போகாமல் இணைப்பு அறுந்துவிடும். இது சுற்று மாதிரித் தெரியாததால் கண்டுபிடிக்கச் சிரமம். ஃபாரம் கோடில்தான் பிழை என்று நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருப்போம்.

எந்த ஃபைல் காரணம் என்று தெரியாவிட்டால் கட்டளையில் -வி சேருங்கள், அந்த வி பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எழுத்து போட்டால் வெர்ஷனைச் சொல்லிவிட்டுப் போய்விடும். பெரிய வி போட்டால் எந்த ஃபைல் மாறியதால் ரீஸ்டார்ட் என்று பெயரோடு சொல்லும்.

தீர்வுக்கு இக்னோர் பட்டியலில் அந்த ஃபைலைச் சேர்க்கலாம். ஆனால் அதைவிட நல்லது, சர்வர் எழுதும் எதையும் கோட் இருக்கும் ஃபோல்டருக்குள் வைக்காமல் இருப்பது. கோட் எஸ்ஆர்சியில், டேட்டா வெளியே தனி ஃபோல்டரில், கவனிப்பது எஸ்ஆர்சியை மட்டும். விலக்குப் பட்டியல் நாளாக நாளாக வளர்ந்துகொண்டே போகும். கவனிப்பது ஒரே ஃபோல்டர் என்றால் அந்தத் தலைவலி இல்லை.

சேவ் செய்யாமலே ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் எடிட்டரின் ஆட்டோசேவையும் பாருங்கள். விஎஸ் கோடில் ஆட்டோசேவை "ஆஃப்டர் டிலே" என்று வைத்திருந்தால், டைப் செய்வதை நிறுத்தி ஒரு செகண்ட் ஆனதும் சேவ் ஆகிவிடும். பாதி எழுதிய வரியோடு சர்வர் எழப் பார்த்து விழும். "ஆன் ஃபோகஸ் சேஞ்ச்" என்று மாற்றினால் அந்த ஃபைலை விட்டு வேறு இடத்துக்கு நகரும்போது மட்டும் சேவ் ஆகும்.

போர்ட் காலியில்லை என்றால்

"ஈஏடிடிஆர்இன்யூஸ்" என்று தொடங்கும் எரர் வந்தால், அந்த போர்ட்டில் (சர்வர் காத்திருக்கும் எண், நம் உதாரணத்தில் 3000) ஏற்கெனவே வேறொரு ப்ராசஸ் உட்கார்ந்திருக்கிறது. மூன்று வேலையில் நிறுத்துவது சறுக்கியிருக்கிறது. முதல் சந்தேகம், வேறொரு டெர்மினல் ஜன்னலில் அதே சர்வர் ஓடுகிறதா என்பது. இரண்டாவது, முன்பு கன்ட்ரோல் சி-க்குப் பதிலாக கன்ட்ரோல் இசட் அடித்தீர்களா என்பது. இசட் ப்ராசஸை நிறுத்தாது, உறைய வைக்கும். பதில் சொல்லாது, ஆனால் போர்ட்டையும் விடாது. அதே டெர்மினலில் "எஃப்ஜி" என்று அடித்தால் முன்னால் வரும். அப்புறம் கன்ட்ரோல் சி.

ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் லினக்ஸிலும் மேக்கிலும்:

எல்எஸ்ஓஎஃப் -ஐ :3000

பிஐடி (ப்ராசஸின் அடையாள எண்) என்ற தலைப்பின் கீழ் வரும் எண்ணை எடுத்து "கில்" என்பதோடு கொடுங்கள். விண்டோஸில் "நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ" என்று அடித்தால் கடைசி வரிசையில் அந்த எண் இருக்கும். "டாஸ்க்கில் /பிஐடி" என்று எழுதி எண்ணையும், கடைசியில் "/எஃப்" என்பதையும் சேர்த்து முடிக்கலாம்.

இது ஒவ்வொரு சேவுக்கும் நடந்தால் காரணம் வேறு. டேட்டாபேஸ் இணைப்பை ஒழுங்காக மூடவென்று, நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலுக்கு நீங்கள் ஒரு ஃபங்ஷன் எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதிவிட்டால் தானாக வெளியேறும் பழக்கம் போய்விடும். மூடி முடித்த பிறகு ப்ராசஸ்.எக்ஸிட் நீங்கள்தான் போட வேண்டும். மறந்தால் பழைய சர்வர் சாகாமல் தொங்கும். நோட்மான் வழக்கமாக அனுப்புவது சிக்டெர்ம் இல்லை, சிக்யூஎஸ்ஆர்2 என்ற வேறு சிக்னல். அதனால் உங்கள் ஃபங்ஷன் ஓடவே ஓடாமல் போகலாம். --சிக்னல் சிக்டெர்ம் என்று கொடுத்தால் (சிக்னல் பெயர் மட்டும் பெரிய எழுத்தில்) இரண்டும் பொருந்தும்.

சேவ் செய்யும்போதெல்லாம் லாகின் போய்விடுகிறது என்பது கோளாறு இல்லை. யார் லாகின் செய்தார் என்ற பதிவான செஷனை மெமரியில் வைத்திருந்தால் ப்ராசஸோடு அதுவும் போகும். செஷனை டேட்டாபேஸில் வைத்தால் நிற்கும்.

எவ்வளவு மாற்றினாலும் அசையவே இல்லை என்றால்

இங்கே கவனிப்பது சறுக்குகிறது. முதலில் சரியான ஃபோல்டரில்தான் நிற்கிறீர்களா என்று பாருங்கள். ஒரே ப்ராஜெக்டின் இரண்டு நகல் கணினியில் இருந்து, எடிட்டரில் ஒன்றும் டெர்மினலில் இன்னொன்றும் திறந்திருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 பயன்படுத்துகிறீர்கள், ப்ராஜெக்ட் சி டிரைவில் இருக்கிறது, நோட் லினக்ஸ் பக்கம் ஓடுகிறது என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அந்த எல்லையைத் தாண்டி ஐநோட்டிஃபை தகவல் வருவதில்லை. ப்ராஜெக்டை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். ரீஸ்டார்ட் சரியாவது மட்டுமில்லை, என்பிஎம் இன்ஸ்டாலும் கண்ணுக்குத் தெரியும் அளவு வேகமாகும். நெட்வொர்க் டிரைவ், வெர்ச்சுவல் மெஷினோடு பகிர்ந்த ஃபோல்டர், சில நேரம் டாக்கருக்குள் மவுன்ட் செய்த ஃபோல்டர், இங்கெல்லாம் இதே கதைதான். மாற்ற முடியாத இடம் என்றால் நோட்மானில் -எல், இதுவும் பெரிய எழுத்து. தகவலுக்குக் காத்திருக்காமல், ஃபைல்களைத் தானே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் முறை அது. வேலை செய்யும், ப்ராஜெக்ட் பெரிதானால் சிபியூவைத் தின்னும்.

லினக்ஸில் மட்டும் வரும் ஒன்று: "ஈஎன்ஓஎஸ்பிசி" என்ற எரர். சாதாரணமாக இதற்கு டிஸ்க்கில் இடமில்லை என்று பொருள் என்பதால் ஆட்கள் ஃபைல்களை அழிக்கக் கிளம்பிவிடுவார்கள். டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பயனர் எத்தனை இடங்களைக் கவனிக்கலாம் என்று கெர்னல் வைத்திருக்கும் வரம்பு தீர்ந்துவிட்டது. பழைய கெர்னல்களில் இது 8192 தான். எடிட்டரும் இரண்டு ப்ராஜெக்டும் திறந்தாலே தீர்ந்துவிடும். 5.11 கெர்னலிலிருந்து ரேம் அளவைப் பார்த்துக் கூட்டி வைக்கிறது. வரம்பை உயர்த்த:

சுடோ சிஸ்சிடிஎல் எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்=524288

கணினியை அணைத்து எழுப்பினால் பழைய எண்ணுக்கே போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் இதே வரியின் பின்பாதியை ஈடிசி ஃபோல்டரில் உள்ள சிஸ்சிடிஎல்.டி-க்குள் கான்ஃப் என்று முடியும் ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள்.

டெர்மினலில் ரீஸ்டார்ட் ஆகிறது, பிரவுசரில் மட்டும் பழையதே தெரிகிறது என்பது தனி விஷயம். நாம் பேசும் கருவிகள் சர்வரை எழுப்புமே தவிர பிரவுசரைத் தொடாது. பக்கத்தையும் தானே புதுப்பிப்பது வீட் போன்ற முன்பக்கக் கருவிகளின் வேலை. இரண்டும் உள்ள ப்ராஜெக்டில் முன்பக்க ஃபோல்டரை சர்வர் கவனிக்காதபடி வைத்துவிடுங்கள். பட்டன் நிறத்தை மாற்றியதற்கு சர்வர் ஏன் எழுந்து உட்கார வேண்டும்?

பைத்தான்காரர்களுக்கு

ஜாங்கோவில் ரன்சர்வர் போட்டாலே இது உண்டு, எதுவும் செய்ய வேண்டாம். ஃபாஸ்ட்ஏபிஐ என்றால்:

யூவிகார்ன் மெயின்:ஆப் --ரீலோட்

ஃபிளாஸ்க்கில்:

ஃபிளாஸ்க் --ஆப் மெயின் ரன் --டிபக்

மூன்றுமே பைத்தான் ஃபைல்களைத்தான் முக்கியமாகக் கவனிக்கும். ஃபிளாஸ்க்கில் ஒரு செட்டிங்ஸ் ஃபைலையும் சேர்க்க --எக்ஸ்ட்ரா-ஃபைல்ஸ் என்று கொடுத்துப் பெயரைச் சொல்லலாம்.

ஃபைலின் அடியில் ஆப்.ரன் எழுதி டிபக்கை ஆன் செய்து ஓட்டினால், மேலே போட்ட பிரின்ட் இரண்டு முறை வருவதைப் பார்ப்பீர்கள். கவனிக்கும் ப்ராசஸ் ஒன்று, சர்வரை ஓட்டும் ப்ராசஸ் ஒன்று, இரண்டும் அதே ஃபைலைப் படிப்பதால் வருவது அது. பிரின்ட் என்றால் பரவாயில்லை. மெயில் அனுப்புவது, நேரம் வைத்து ஓடும் வேலையைத் தொடங்குவது போன்றவற்றை ஃபைலின் மேல்மட்டத்தில் எழுதியிருந்தால் அவையும் இரண்டு முறை நடக்கும்.

டைப்ஸ்கிரிப்ட் என்றால் டிஎஸ்எக்ஸ் என்ற கருவியை இன்ஸ்டால் செய்து "டிஎஸ்எக்ஸ் வாட்ச்" என்று ஓட்டுங்கள். கோ மொழிக்கு ஏர் என்ற கருவி இருக்கிறது. எந்த மொழியாக இருந்தாலும் சரி என்று ஒன்று வேண்டுமென்றால் என்டர் என்று உச்சரிக்கத் தோன்றும் ஈ, என், டி, ஆர். ஃபைல் பட்டியலை அதற்குள் குழாய் வழியாக அனுப்பி, -ஆர் போட்டு, ஓட்ட வேண்டிய கட்டளையைச் சொன்னால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

உண்மையான சர்வரில் இதைப் போடாதீர்கள்

ஸ்டார்ட், டெவ் இரண்டையும் பிரித்து வைத்தது இதற்குத்தான். கிராஷ் ஆனால் நோட்மான் எழுப்பிவிடும் என்று நினைத்து அதை அப்படியே ஹோஸ்டிங்கில் ஓட விடுபவர்கள் உண்டு. அது எழுப்பாது. கிராஷ் ஆனால் ஃபைல் மாறும்வரை காத்திருக்கும். டெவலப்மென்டில் நமக்கு வேண்டியது அதுதான். ஹோஸ்டிங்கிலோ இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால், காலையில் யாராவது வந்து ஒரு ஃபைலை சேவ் செய்யும்வரை தளம் படுத்தே கிடக்கும். விழுந்தால் எழுப்புவது சிஸ்டம்டி, பிஎம்2 போன்றவற்றின் வேலை. சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைலில் ரீஸ்டார்ட் (இதன் முதல் எழுத்து மட்டும் பெரியது) என்பதற்கு ஆன்-ஃபெயிலியர் என்று எழுதினால் போதும்.

ஃபிளாஸ்க்கின் டிபக் இன்னும் ஆபத்து. எரர் வந்தால் பிரவுசரிலேயே பைத்தான் கோட் ஓட்டிப் பார்க்கும் பெட்டி அதில் வரும். ஒரு பின் எண் கேட்கும்தான். அதை நம்பிப் பொது இணையத்தில் திறந்து வைக்கக் கூடாது.

இன்னொன்று, ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் "என்பிஎம் சிஐ --ஒமிட்=டெவ்" என்றுதான் இன்ஸ்டால் செய்வார்கள். டெவ் பட்டியலில் உள்ள நோட்மான் அங்கே வராது. உங்கள் கணினியில் நன்றாக ஓடிய ப்ராஜெக்ட் ஹோஸ்டிங்கில் "நோட்மான்: நாட் ஃபவுண்ட்" என்று நின்றால், பேக்கேஜ்.ஜேசனைத் திறந்து ஸ்டார்ட் வரியைப் பாருங்கள். அங்கே "நோட் சர்வர்.ஜேஎஸ்" என்று மட்டும் இருக்க வேண்டும்.